குரோசாவாவும் கண்ட்ரோலரும்

(பழைய மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பத்து நிமிஷம், எதைப் பற்றி வேணும்னாலும் பேசுங்க" என்று செயலாளர் போனில் சொன்னார். வீடியோ கேமும் ஜப்பானிய சினிமாவும் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அறுபதை நெருங்குகிற மனுஷனுக்கு இது தேவையா என்று நினைத்திருப்பார். தேவைதான் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நமது கல்லூரித் திரைப்படச் சங்கத்தில் 16 எம்.எம். புரொஜெக்டரில் 'செவன் சாமுராய்' போட்டது இங்கே சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். அகிரா குரோசாவா 1954-ல் எடுத்த படம். 207 நிமிடம். நடுவில் கரண்ட் போய், பாதிப் பேர் மெஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர் இருட்டில் காத்திருந்து கடைசி வரை பார்த்தோம்.

கொள்ளையர்களிடமிருந்து ஒரு கிராமத்தைக் காக்க ஏழு வீரர்கள் வருகிறார்கள். கொட்டும் மழையில், சேற்றில், கடைசிச் சண்டை. ஜெயிக்கிறார்கள். ஆனால் நாலு பேர் போய்விட்டார்கள். நாலு பேருமே துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானவர்கள். அவர்களில் ஒருவன் வாள்வீச்சில் நிகரில்லாதவன். சுட்டவனோடு அவனுக்கு ஒரு வீச்சு வீசக்கூட வாய்ப்புக் கிடைக்கவில்லை. படம் முடியும்போது கிராமத்தார் பாட்டுப் பாடி நாற்று நடுகிறார்கள். மிச்சமிருக்கும் மூவர் மேட்டிலே நாலு புதைகுழிகளைப் பார்த்து நிற்கிறார்கள். ஜெயித்தது உழவர்கள்தான், நாம் இல்லை என்று தலைவன் சொல்கிறான். அன்று ராத்திரி விடுதியில் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

அந்த வேகத்தில் ஊருக்குப் போய், "சென்னையில் திரைப்படக் கல்லூரியில் சேரப் போறேன்" என்றேன். "அதெல்லாம் ஒரு படிப்பாடா?" என்றார் அப்பா. கதை அத்தோடு முடிந்தது. இதை ஒரு ஓரமாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி 2020-க்கு வருவோம். ஊரடங்கு. மகள் வீட்டில் இருக்கிறாள். "அப்பா, வந்து பாருங்க. இது உங்க ஆள் படம் மாதிரியே இருக்கு" என்று கூப்பிட்டாள். 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா' என்ற கேம். அமெரிக்காவில் சக்கர் பஞ்ச் என்ற நிறுவனம் செய்தது, அந்த ஜூலையில்தான் வெளிவந்திருந்தது. 1274-ல் மங்கோலியர் சுஷிமா தீவின் மீது படையெடுத்ததுதான் கதைக்களம். அதில் 'குரோசாவா மோட்' என்று ஒன்று. போட்டால் படம் கருப்பு வெள்ளையாகிறது, பழைய பிலிம் மாதிரி புள்ளி புள்ளியாகத் தெரிகிறது, காற்று பலமாக வீசுகிறது. குரோசாவா குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கியே அந்தப் பெயரை வைத்தார்களாம்.

முதலில் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போகவேண்டிய திசையை அம்புக்குறி காட்டாது, காற்று காட்டும். புல் சாய்கிற பக்கம் குதிரையைத் திருப்ப வேண்டியதுதான். எதிரியோடு நேருக்கு நேர் நிற்கும்போது ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவன் பாயும் நொடியில் விட வேண்டும். 1962-ல் வந்த 'சஞ்சூரோ' படத்தின் கடைசியில் இரண்டு பேர் அசையாமல் நிற்பார்களே, அந்தக் காத்திருப்பு என் கட்டைவிரலுக்கு வந்துவிட்டது!

ஆனால் ரசிகன் என்றால் குறையும் சொல்ல வேண்டும். கருப்பு வெள்ளைதான் குரோசாவா என்றால், 1985-ல் வண்ணத்தை வாரி இறைத்த 'ரான்' யார் எடுத்தது? 13-ம் நூற்றாண்டுக் கதாநாயகன் உட்கார்ந்து ஹைக்கூ எழுதுகிறான். ஹைக்கூ பிறக்க இன்னும் சில நூறு வருஷம் இருக்கிறது. போகட்டும். எனக்குப் பெரிய குறை வேறு. இதில் செத்தால் சில வினாடியில் எழுந்துவிடலாம். ஊர் எரிவதைப் பார்த்துவிட்டு வந்த கையோடு நரிக்குப் பின்னால் ஓடிக் கோவிலைத் தேடலாம், வெந்நீர் ஊற்றில் குளிக்கலாம். போகப் போக நம் பலம் ஏறிக்கொண்டே இருக்கிறது. குரோசாவா படத்திலே ஜெயிப்பதற்கு ஒரு விலை உண்டு. இங்கே விலையே இல்லையே என்று மகளிடம் சொன்னேன். "முடிவு வரைக்கும் விளையாடிட்டுப் பேசுங்க" என்றாள்.

முடிவு என்ன தெரியுமா? நாயகன் ஜின்னை வளர்த்த மாமாவே அவனுக்கு எதிரே வாளோடு நிற்கிறார். பெயர் ஷிமுரா. 'செவன் சாமுராய்' தலைவனாக நடித்தவர் பெயரும் தகாஷி ஷிமுரா. என் மாதிரி ஆளுக்கு அது கண்ணில் படாமல் போகுமா? தீவைக் காப்பாற்ற ஜின் மறைந்திருந்து கொன்றான், விஷம் வைத்தான். அது சாமுராய் தர்மம் இல்லை, அதனால் அவனைக் கொல்ல வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. சண்டையில் மாமா தோற்கிறார். வீரனுக்குரிய சாவைக் கொடு என்று கேட்கிறார். கொல்வதா, விடுவதா? திரையில் இரண்டு வழிதான்.

நான் கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். ஐந்து நிமிஷம் ஆயிற்று. படமாக இருந்தால் அதுபாட்டுக்கு ஓடியிருக்கும். மகள் மெதுவாகச் சொன்னாள்: "நீங்க அழுத்தாம அது நகராதுப்பா."

அங்கேதான் எனக்குப் புரிந்தது. மானம், கௌரவம் என்ற பேச்சுக்குள் இருக்கும் கொடுமையை 1962-லேயே மசாகி கோபயாஷி 'ஹராகிரி'யில் இதைவிடக் கடுமையாகக் காட்டிவிட்டார். வறுமையில் வாளை விற்றுவிட்டு மூங்கில் வாளோடு வந்த இளைஞனை, அந்த மூங்கிலாலேயே வயிற்றைக் கிழித்துக்கொள்ள வைக்கிறார்கள். அதைப் பார்த்து நாம் கோபப்படலாம். ஆனால் நாம் சாட்சி மட்டும்தான். கேமில் கை நம்முடையது.

அதன் பிறகு மகள் கொடுத்தது, ஃபுமிட்டோ உயெடா என்ற ஜப்பானியர் 2005-ல் உருவாக்கிய 'ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்'. செத்துப்போன ஒரு பெண்ணை மீட்க 16 பூதங்களைக் கொல்ல வேண்டும். வழியில் வேறு எதிரியே கிடையாது. வெட்டவெளி, ஒரு பையன், ஒரு குதிரை. 13-வது பூதம் நம்மைத் தாக்குவதே இல்லை, தன் பாட்டுக்கு வானத்தில் மிதக்கிறது. அதையும் கொல்லத்தான் வேண்டும். விழும்போது வெற்றி முழக்கம் கிடையாது, ஒப்பாரி மாதிரி இசை. ஒவ்வொன்றைக் கொல்லும்போதும் பையன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடிப்போகிறது. சாமுராயே இல்லாத இந்தக் கேம்தான் அந்த நாலு புதைகுழிகளுக்கு மிக அருகில் இருக்கிறது என்பது என் கருத்து. ஜெயித்தவன் என்ன இழந்தான் என்று அது கேட்கிறது.

2025-ல் 'கோஸ்ட் ஆஃப் யோதெய்' என்று சுஷிமாவின் அடுத்த கேமும் வந்தது. அதிலும் குரோசாவா மோட் உண்டு, கூடவே தகாஷி மீகே பெயரிலும் ஒன்று. கேம் செய்ய நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். பெரியவர்களிடமிருந்து மழையையும் காற்றையும் மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கணக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய நண்பர்களுக்கும் ஒன்று. பேரப்பிள்ளை கையிலிருந்து கண்ட்ரோலரைப் பிடுங்குவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள்.

கடைசியாக, ஓரமாக வைக்கச் சொன்ன விஷயம். 2018-ல் பிளஸ் டூ முடித்ததும் கேம் டிசைன் படிக்கணும் என்று மகள் கேட்டாள். "அதெல்லாம் ஒரு படிப்பாம்மா?" என்றேன். அப்பாவின் அதே வார்த்தை, அதே குரல். அவள் எதிர்த்துப் பேசவில்லை. நான் சொன்ன படிப்பை முடித்துவிட்டு, ராத்திரியில் தானாகக் கற்றுக்கொண்டு, இன்று அந்த வேலையில்தான் இருக்கிறாள். அதில் என் பங்கு ஒன்றும் இல்லை. பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். இதை அவளிடம் வீட்டில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் சபையில் சொல்கிறேன்: அம்மா, நான் சொன்னது தப்பு.