ஐந்து மைல் வட்டத்திற்குள் ஒரு வீடு

பிரிட்டனில் 1917-இல் பிறந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், சீனாவில் மருத்துவத் தொண்டு முடித்துத் தாயகம் திரும்பும் வழியில், கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருந்தபோது காந்தியடிகளைச் சந்தித்தார். ஐந்து மைல் வட்டத்திற்குள் கிடைக்கும் பொருள்களாலேயே வீடு கட்டவேண்டும் என்னும் அடிகளின் கருத்து அவர் உள்ளத்தில் பதிந்தது.

அதன் உட்பொருளை உணர்த்தியவை இமயமலைச் சிற்றூரான பித்தோராகரின் பழைய வீடுகளேயாகும். 1948 முதல் ஏறத்தாழ 15 ஆண்டுகள் அங்கே வாழ்ந்தார். கல், மண், மரம் கொண்டு ஊரார் கட்டிய அவ்வீடுகளை அவர் திருத்த முனையவில்லை. அவற்றிடம் பாடம் கேட்டார்.

திருவனந்தபுரத்தில் 1970களில் வளர்ச்சி ஆய்வு மையத்தை எழுப்பியபோது அப்பாடம் பயன்பட்டது. செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவில் வெற்றிடம் விடும் சுவரையும் அவர் பரப்பினார். அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகிறது, வெப்பமும் தணிகிறது.

ஆயினும் இம்முறை பெருவழக்காகவில்லை. மதிப்பீட்டில் இத்தனை விழுக்காடு எனக் கட்டணம் பெறுவோர்க்குச் சிக்கனம் நட்டமே அன்றோ!

நெரிசல் மிக்க தாராவிக்கு ஐந்து மைல் விதி அப்படியே பொருந்தாது என்பது உண்மையே. பழைய வீட்டிடம் பாடம் கேட்கும் முறை பொருந்தும். கும்பார்வாடாக் குயவர்களுக்கு வீடும் பட்டறையும் சூளை முற்றமும் ஒன்றே. அடுக்குமாடியின் வரைபடத்தில் அச்சூளைக்கு இடம் எங்கே?