ஊர்ப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்குமுன்



மே மாதம் பொதுத்தேர்வு முடிவு வந்துவிட்டால் போதும், பேருந்து நிலையத்தைச் சுற்றி பிளக்ஸ் பலகைகள் முளைத்துவிடும். பிள்ளைகளின் முகங்கள், கீழே மதிப்பெண்கள், எல்லாவற்றுக்கும் மேலே பெரிய எழுத்தில் நூறு சதவீதத் தேர்ச்சி. அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே நடக்கும் பெற்றோர் பலருக்கு ஒரு கேள்வி மனதை அரிக்கும். நம் ஊரிலேயே அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. நடந்தே போய்வரலாம். அங்கே சேர்ப்பதா, கடனை உடனை வாங்கியாவது தனியார் பள்ளி வேனில் ஏற்றி அனுப்புவதா?

பேரூராட்சி, சிறு நகராட்சி அளவிலான ஊர்களில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். அங்கே அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்று இருக்கும். மிஞ்சிப்போனால் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. நான் அரசுப் பள்ளிகளில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். அந்தப் பள்ளிகள்மேல் எனக்குப் பற்று உண்டு. அந்தப் பற்றோடுதான் சொல்கிறேன்: நம் ஊர்ப் பள்ளிதானே என்று கண்ணை மூடிக்கொண்டு சேர்க்காதீர்கள், அரசுப் பள்ளிதானே என்று வாசலை மிதிக்காமலே ஒதுக்கவும் செய்யாதீர்கள். பள்ளி நடக்கும் ஒரு சாதாரண நாளில் நேரில் போய்ப் பாருங்கள்.

முதலில் அந்த நூறு சதவீதத்தைப் பார்ப்போம். ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் 120 பேர் படித்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறு ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்கள் 96 பேர். அத்தனை பேரும் தேர்ச்சி. பலகையில் நூறு சதவீதம். பக்கத்து ஊர்ப் பள்ளியிலும் அதே 120 பேர். அங்கே 118 பேர் தேர்வு எழுதி, 108 பேர் தேறினார்கள். தேர்ச்சி 92 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. பலகை வைக்க அங்கே எவருக்கும் மனம் வராது. ஆனால் தேறிய பிள்ளைகள் எந்தப் பள்ளியில் அதிகம்?

முதல் பள்ளியில் விடுபட்ட அந்த 24 பிள்ளைகள் எங்கே போனார்கள்? சிலர் வேலைக்குப் போயிருப்பார்கள். சில பெண் பிள்ளைகளுக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்த்திருப்பார்கள். சிலருடைய பெற்றோரைக் கூப்பிட்டு, "உங்க பையன் பத்தாவதுல தேறமாட்டான், டி.சி. வாங்கிட்டுப் போயிடுங்க" என்று சொல்லியிருப்பார்கள். அரசுப் பள்ளியிலும் இது நடந்திருக்கிறது, தனியார் பள்ளியிலும் நடந்திருக்கிறது. தேர்ச்சி சதவீதம் குறைந்தால் விளக்கம் கேட்பார்கள் என்ற பயம்தான் காரணம். ஆகவே எந்தப் பள்ளிக்குப் போனாலும் சதவீதத்தைக் கேட்காதீர்கள், தலையை எண்ணச் சொல்லுங்கள். ஒன்பதில் எத்தனை பேர் இருந்தார்கள், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர் எத்தனை பேர், அதில் பதினொன்றாம் வகுப்புக்கு வந்தவர் எத்தனை பேர். தயங்காமல் பதில் சொல்லும் தலைமையாசிரியர் என்றால் பாதிக் கவலை விட்டது.

அடுத்தது ஆசிரியர்கள். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்குப் பாடத்துக்கு ஒரு முதுகலை ஆசிரியர் என்பதுதான் சிறிய ஊர்ப் பள்ளியின் நிலை. இயற்பியலுக்கு ஒருவர், கணிதத்துக்கு ஒருவர். பொதுமாறுதல் கலந்தாய்வில் அந்த ஒருவர் தன் சொந்த ஊர்ப் பக்கம் போய்விட்டால் அந்தப் பாடமே ஆளில்லாமல் நின்றுவிடும். அவர் போவதைக் குறை சொல்ல முடியாது. அவருக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் காலியான இடத்துக்கு எத்தனை மாதத்தில் ஆள் வருகிறார் என்பது பிள்ளையின் வாழ்க்கையைத் தொடும் விஷயம். "காலிப்பணியிடம் இருக்கிறதா" என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். எந்தப் பாடத்தில், எப்போதிலிருந்து, இப்போது அந்த வகுப்பை எடுப்பது யார் என்று மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். தற்காலிக ஆசிரியரை வைத்துப் பாடத்தை ஓட்டும் பள்ளியும் உண்டு, பாடவேளையில் பிள்ளைகளைச் சும்மா உட்காரவைக்கும் பள்ளியும் உண்டு.

ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். வேதியியல்காரன் என்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் 100 மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. நடக்கிற ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் மூக்கே சொல்லிவிடும். மேசையில் அமிலம் பட்டு வெந்த தழும்பு இருக்கும். பியூரெட்டுகளில் பெர்மாங்கனேட்டின் பழுப்புக் கறை ஏறியிருக்கும். அதே கறை பிள்ளைகளின் விரல் நுனியிலும் ரெக்கார்டு நோட்டின் ஓரத்திலும் தெரியும். தொட்டியில் தண்ணீர் ஓடும். நடக்காத ஆய்வகம் பார்க்கச் சுத்தமாக இருக்கும். அலமாரியில் கண்ணாடிப் பாத்திரங்கள் வரிசை மாறாமல் நிற்கும், அமிலப் புட்டியின் மூடியைத் திருகினால் இறுகிப்போய் வராது. அந்தப் பள்ளியில் பிள்ளைகள் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதித்தான் முடிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

கழிப்பறையைப் பற்றி நீட்டவேண்டியதில்லை. இடைவேளை மணி அடித்த பிறகு தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா, யார் சுத்தம் செய்கிறார்கள். பெண் பிள்ளையைச் சேர்ப்பதானால் அம்மாவே உள்ளே போய்ப் பார்த்துவிடுவது நல்லது. காலையிலிருந்து மாலைவரை தண்ணீர் குடிக்காமலே இருக்கும் பெண் பிள்ளைகளை நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன். அது சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

தமிழ்வழியா, ஆங்கிலவழியா என்பது இன்னொரு குழப்பம். அரசுப் பள்ளிகளில் 2012-13 முதல் ஆங்கிலவழிப் பிரிவுகள் பரவலாகத் தொடங்கப்பட்டன. ஆனால் சிறிய பள்ளியில் ஒரே ஆசிரியர்தான் இரண்டு பிரிவுக்கும் பாடம் எடுப்பார். சில இடங்களில் இரண்டு பிரிவையும் ஒரே அறையில் உட்காரவைத்துத் தமிழில் நடத்திவிட்டு, புத்தகத்தை மட்டும் ஆங்கிலத்தில் கொடுப்பார்கள். உங்கள் ஊரில் எப்படி என்று அங்கே படிக்கும் பிள்ளையிடமே கேளுங்கள். தமிழ்நாடு அரசுப் பணிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பட்டப்படிப்பு மட்டும் போதாது, பள்ளிப்படிப்பும் தமிழ்வழியில் இருக்கவேண்டும். ஆறாம் வகுப்பில் எடுக்கும் முடிவு அவ்வளவு தூரம் போகிறது.

அதேபோல, நீட் தேர்வில் தகுதி பெற்ற அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. மறு ஆண்டு பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. ஆறு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்திருக்கவேண்டும் என்பது இதன் பொது நிபந்தனை. நடுவில் இரண்டு ஆண்டு தனியார் பள்ளிக்குப் போய்விட்டு பதினொன்றாம் வகுப்புக்குத் திரும்பிவந்த பிள்ளைகள் கலந்தாய்வு நேரத்தில் இதைத் தெரிந்துகொண்டு கலங்கியிருக்கிறார்கள். கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் இப்படி நிபந்தனைகள் உண்டு. டி.சி. வாங்குவதற்கு முன்பே இவற்றைத் தலைமையாசிரியரிடம் கேட்டுத் தெளிவாகிவிடுங்கள்.

பதினொன்றாம் வகுப்பில் என்னென்ன குரூப் இருக்கிறது என்றும் ஆறாம் வகுப்புச் சேர்க்கையிலேயே விசாரித்துவிடலாம். உயிரியல் குரூப்பே இல்லாத பள்ளி இருக்கிறது.

இவ்வளவையும் கேட்டபின், தலைமையாசிரியரிடம் இன்னும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "ஆறாம் வகுப்புக்கு வரும்போது எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைகளை என்ன செய்கிறீர்கள்?" ஒவ்வொரு ஆண்டும் அப்படிச் சில பிள்ளைகள் வரத்தான் செய்வார்கள். "அதெல்லாம் கீழ் வகுப்பிலேயே கற்றுக்கொண்டு வந்திருக்கவேண்டும் சார்" என்பது ஒரு பதில். "மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தமிழாசிரியர் அவர்களைத் தனியாக உட்காரவைத்து வாசிக்க வைக்கிறார், இந்த ஆண்டு ஒன்பது பேர் இருக்கிறார்கள்" என்பது இன்னொரு பதில். இரண்டாவது பதில் வரும் பள்ளியில் உங்கள் பிள்ளையை நம்பி விடலாம். உங்கள் பிள்ளை நன்றாகப் படிக்கிற பிள்ளையாக இருந்தாலும் இது பொருந்தும். ஏதோ ஒரு ஆண்டில், ஏதோ ஒரு பாடத்தில் அதுவும் பின்தங்கத்தான் போகிறது. அன்றைக்கு அதைக் கவனிக்க ஆள் வேண்டும்.

சென்ற ஆண்டு பன்னிரண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றும் கேட்டுப் பாருங்கள். தேர்ச்சி பெற்றும் கல்லூரியில் சேராத பிள்ளைகளுக்காக அரசு 'உயர்வுக்குப் படி' முகாம்கள் நடத்துகிறது. அப்படி விடுபட்ட பிள்ளைகளை வீடு தேடிப்போய் முகாமுக்கு அழைத்துவரும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எந்தப் பள்ளியில் இருக்கிறார்கள் என்பது ஊர் டீக்கடைக்கே தெரியும்.

பார்த்தீர்கள், பள்ளி பிடித்திருக்கிறது, ஆனால் கணித ஆசிரியர் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அதற்காக விட்டுவிட வேண்டுமா? வேண்டாம் என்பேன். அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022-இல் இந்தக் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. காலிப்பணியிடத்தை நிரப்பக் கோரிக் குழுவில் தீர்மானம் போட்டு, மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கு அனுப்பலாம். நகலை வைத்துக்கொண்டு அடுத்த மாதக் கூட்டத்தில் என்ன ஆயிற்று என்று கேட்கலாம். சேர்க்கை விண்ணப்பத்தைக் கொடுக்கும் அன்றே, அடுத்த கூட்டம் என்றைக்கு என்று விசாரித்துக்கொண்டு வாருங்கள்.