அரைக் காசும் கணக்குதான்

(ராயகிரியில் நடந்த நமது கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில், இவ்வூரில் பிறந்து கோயம்புத்தூரில் இயந்திரங்களுக்கு சாஃப்ட்வேர் எழுதிவரும் சகோதரி ஒருவர் பேசியது. தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் பேச்சை மட்டும் தருகிறோம்.)



எங்க பெரியம்மை என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஏட்டி, நீ கம்ப்யூட்டர்ல அப்படி என்னதான் செய்யுத?" என்று கேட்பாங்க. முப்பது வருசத்துக்கு மேலே இந்த வேலையில் இருக்கேன். அவங்களுக்கு இன்னும் சரியா பதில் சொன்னதில்லை. இன்னைக்கு உங்க எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லிடுதேன்.

உள்ளே இருக்கிற குட்டிக் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் என்றதும் டிவி மாதிரி பெட்டியும், தட்டுகிற பலகையும்தான் ஞாபகம் வரும். ஆனா உங்க வீட்டு டிஜிட்டல் கரண்ட் மீட்டருக்குள்ளே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கு. பால் சொசைட்டியில் கொழுப்பு பார்க்கிற மெஷினில் இருக்கு. கையில் பட்டை சுற்றி பிரஷர் பார்க்கிற கருவியில் இருக்கு. விரல் நகம் அளவு சிப். அது எதைச் செய்யணும், எப்போ செய்யணும் என்று எழுதி உள்ளே வைக்கிறோமே, அதுதான் என் வேலை. இதற்கு எம்பெடட் சாஃப்ட்வேர் என்று பேர்.

இதிலே ரியல் டைம் என்று இன்னொரு சொல் உண்டு. அடுப்பில் பால் பொங்குது, கையில் பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு இருக்கீங்க. என்ன செய்வீங்க? தேய்க்கிறதைப் போட்டுட்டு ஓடிப்போய் அடுப்பை அணைப்பீங்க. பாத்திரம் காத்திருக்கும், பால் காத்திருக்காது. அவ்வளவுதான் ரியல் டைம். சரியான வேலையா இருந்தால் மட்டும் போதாது, சரியான நேரத்திலும் நடக்கணும். தறியில் நூல் அறுந்ததும் மெஷின் உடனே நிற்கணும். ஒரு நிமிசம் கழிச்சு நின்றால் துணி போச்சு. சங்கரன்கோவில் பக்கம் தறி ஓட்டுகிற நம்ம ஆட்களுக்கு இதை நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

நீங்க எல்லாரும் கையால் தொட்ட ஒரு உதாரணமும் சொல்லுதேன். ஓட்டு மெஷின். கதை எழுதுகிற சுஜாதாவைப் பலருக்குத் தெரியும். அவருடைய நிஜப் பெயர் ரங்கராஜன். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர். பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் இன்ஜினியராக இருந்தார். அங்கே ஓட்டு மெஷின் உருவானதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. 1982-ல் கேரளாவில் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதல் தடவையாக ஓட்டு மெஷின் வச்சாங்க. சட்டத்தில் இடமில்லை என்று 1984-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அப்புறம் சட்டத்தைத் திருத்தி, நம்ம தமிழ்நாட்டில் 2001 சட்டசபைத் தேர்தலில் எல்லா இடத்திலும் வந்தது. கரண்ட் இல்லாத ஊரிலும் பேட்டரியில் ஓடும். ஒரு பட்டனை அமுக்கினால் ஒரு ஓட்டுதான் விழணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அதுக்குள்ளே இருக்கிற சாஃப்ட்வேருக்கு அவ்வளவு பொறுப்பு.

சம்பளத்தை விட்டேன்

பத்தாம் வகுப்பு முடிச்சு, பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படிச்சேன். 1988-ல் கோவையில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒன்பது வருசம் கழிச்சு, இரண்டாவது பிள்ளை பிறந்தப்போ வேலையை விட்டேன். அதுக்கப்புறம் கன்சல்டன்ட். அதாவது, கம்பெனியில் மாசச் சம்பளத்துக்குத் துணி தைக்கிறது ஒரு வகை. வீட்டில் சொந்த மெஷின் போட்டு, வருகிற துணியைத் தைத்துக் கொடுப்பது இன்னொரு வகை. நான் இரண்டாவது வகை. ஒரு கம்பெனி மெஷின் செய்யும், அதுக்குள்ளே போகிற சாஃப்ட்வேரை நான் எழுதித் தருவேன். வேலை முடிந்தால் அடுத்த கம்பெனி.

கேட்க நல்லாத்தான் இருக்கும். முதல் வருசம் நாலு மாசம் ஒரு வேலையும் வரலை. வேலை முடிச்சுக் கொடுத்தாலும் பணம் இரண்டு மாசம், மூணு மாசம் கழிச்சுத்தான் வரும். அப்போ ஒரு பழக்கம் வச்சேன். பணம் வந்த அன்னைக்கே மூன்றில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டுடுவேன். ஆறு மாசச் செலவுக்குச் சேருகிற வரைக்கும் அதைத் தொடவே இல்லை. கையில் ஆறு மாசச் சாப்பாடு இருந்தால்தான், "இந்த வேலையை இப்படிச் செய்தால் தப்பு, செய்ய மாட்டேன்" என்று வாய் திறந்து சொல்ல முடியும். சேமிப்பு தைரியம் கொடுக்கும் என்று நம்ம குழுவில் சொல்வது வெறும் பேச்சு இல்லை.

யாரும் கண்டுபிடிக்காத தப்பு

இப்போ நான் செய்த தப்பைச் சொல்லுதேன். 2003-ல் ஒரு கம்பெனிக்கு பால் மெஷின் சாஃப்ட்வேர் எழுதினேன். பாலை அளந்து, கொழுப்பைப் பார்த்து, லிட்டருக்கு இவ்வளவு என்று விலை போட்டு, சீட்டு அடிக்கும். மெஷின் பல ஊருக்குப் போச்சு. எனக்கும் முழுப் பணம் வந்துட்டது.

ஆறு மாசம் கழிச்சு வேற வேலைக்காக அந்தப் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். லிட்டர் விலையில் ஒரு காசுக்குக் கீழே வருகிற பின்னத்தை மெஷின் வெட்டிவிடுகிறது. நான்தான் அப்படி எழுதியிருக்கேன். சராசரியாக லிட்டருக்கு அரைக் காசு போகுது. அரைக் காசுதானே? கணக்குப் போட்டேன். ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர் என்றால் 5 காசு. 200 பேர் ஊற்றுகிற சொசைட்டியில் ஒரு நாளைக்கு 10 ரூபாய். வருசத்துக்கு 3,650 ரூபாய். அப்படி 100 ஊர் என்றால் 3,65,000 ரூபாய். பால் கறந்த பொம்பளைங்க காசு, என் எழுத்தால் போகுது.

ராத்திரி தூக்கம் வரலை. யாரும் புகார் சொல்லலை. சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனா எனக்கு ஒரு செய்தி ஞாபகம் வந்தது. 1991-ல் வளைகுடாப் போரில், வருகிற ஏவுகணையை வானத்திலேயே தடுக்க அமெரிக்கா பேட்ரியாட் என்று ஒரு ஆயுதம் வைத்திருந்தது. அதோட கடிகாரம் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்காக எண்ணும். அந்த எண்ணில் கடைசியில் ஒரு சின்னப் பின்னம் வெட்டுப்பட்டு இருந்தது. 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடினதில் அது சேர்ந்து சேர்ந்து, ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு பிசகிப் போச்சு. பிப்ரவரி 25 அன்று சவூதியில் தஹ்ரான் என்ற இடத்தில், வந்த ஏவுகணையைத் தடுக்க முடியாமல் 28 பேர் செத்தாங்க. திருத்திய சாஃப்ட்வேர் அங்கே வந்து சேர்ந்தது மறுநாள்.

காலையில் முதலாளிக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் கத்தினார். அந்தக் காலத்தில் சாஃப்ட்வேரை மாற்றணும் என்றால் ஒவ்வொரு மெஷினாகத் திறந்து சிப்பை மாற்றணும். "அந்தச் செலவை யார் கொடுப்பா?" என்றார். என் உழைப்புக்குக் காசு வேண்டாம், பஸ் செலவும் என்னோடது என்றேன். இரண்டு மாசம் ஊர் ஊராகப் போனேன். அப்புறம் எட்டு மாசம் அந்தக் கம்பெனி என்னைக் கூப்பிடலை. அந்த ஆறு மாசச் சேமிப்புத்தான் வீட்டைக் காப்பாத்திச்சு.

ஒன்பதாவது மாசம் அவரே கூப்பிட்டார். "அம்மா, மற்ற ஆள்கிட்டே கொடுத்துப் பார்த்தேன். தப்பு வந்தா மெஷின் மேலே பழி போடுதான். நீங்களே செஞ்சு கொடுங்க" என்றார். இன்றுவரை எனக்கு வேலை வருவதெல்லாம் ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர்தான். விளம்பரம் கொடுத்ததே இல்லை.

நிலாவுக்கு வழி நெய்தவர்கள்

"இதெல்லாம் ஆம்பளைங்க வேலை" என்று யாராவது சொன்னால் நான் ஒரு பெயரைச் சொல்வேன். மார்கரெட் ஹாமில்டன். நிலாவுக்குப் போன அப்போலோ விண்கலத்தின் சாஃப்ட்வேர் குழுவுக்குத் தலைமை தாங்கிய அமெரிக்கப் பெண். ராத்திரியிலும் லீவு நாளிலும் தன் சின்ன மகளை ஆபீசுக்குக் கூட்டிப் போவாங்க. ஒரு நாள் பிள்ளை விளையாட்டாகப் பட்டனை அமுக்க, பரிசோதனைக்கு வச்சிருந்த கம்ப்யூட்டர் நின்று போச்சு. "விண்வெளியில் இருக்கிறவரும் இப்படி அமுக்கிவிட்டால்? தடுப்பு வைக்கணும்" என்றாங்க. பயிற்சி எடுத்தவர்கள் தப்பு செய்ய மாட்டார்கள் என்று மேலே உள்ளவர்கள் விடலை. 1968-ல் அப்போலோ 8 பயணத்தில் ஒரு வீரர் அதே தப்பைச் செய்தார். அதுக்கப்புறம்தான் கேட்டாங்க. பின்னாளில் அந்தம்மா சொந்தக் கம்பெனியும் நடத்தினாங்க.

இன்னொன்று. அந்தக் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரைக் கையாலேயே கம்பி கோத்து நெய்தாங்க. கம்பி காந்த வளையத்துக்குள்ளே போனால் ஒன்று, வெளியே போனால் பூஜ்யம். ஆலையில் அதை நெய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

சொல்லிவிட்டுப் போக மூணு விசயம்

ஒன்று, பால் ஊற்றினால் சீட்டைக் கேட்டு வாங்குங்க. அளவு, கொழுப்பு, விலை மூன்றும் அதில் இருக்கணும். பத்து நாளைக்கு ஒரு தடவை பிள்ளைகளை விட்டுக் கூட்டிப் பாருங்க. மெஷின் பொய் சொல்லாது என்று நம்பாதீங்க. மெஷினை எழுதினதும் என்னை மாதிரி ஒரு ஆள்தான். ஓட்டு மெஷினிலேயே இப்போ ஒரு சீட்டு 7 விநாடி கண்ணாடி வழியாகத் தெரியுதுல்ல?

இரண்டு, குழு நோட்டில் தப்பு நேர்ந்தால் மறைக்காமல் கூட்டத்தில் சொல்லுங்க. தப்பு பண்ணின ஊக்குநரைத் திட்டித் துரத்தாதீங்க. துரத்தினால் அடுத்த தப்பு வெளியிலேயே வராது.

மூணு, பத்தாம் வகுப்பு முடித்த பொண்ணு எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படிக்கணும் என்று கேட்டால் அனுப்புங்க. மூணு வருசம். மார்க் நல்லா இருந்தால் அங்கிருந்து இன்ஜினியரிங் இரண்டாம் வருசத்திலேயே சேரலாம். இங்கிலீஷ் பிறகு வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது.

பெரியம்மை முன்வரிசையில் உட்கார்ந்திருக்காங்க. பெரியம்மை, இப்போ தெரிஞ்சுதா? கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உட்கார்ந்து, அரைக் காசுக்கும் கணக்குச் சொல்லுகிற வேலைதான் என் வேலை. நீங்க சுருக்குப் பையில் சில்லறை எண்ணி வைக்கிறதைப் பார்த்துத்தான் அதைப் படிச்சேன்.