கண்ணகியின் மகளைப் பெற்றவள்

(வட்டக்கச்சியில் நடைபெற்ற நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இலக்கியத்தில் ஏதாவது பேசுங்கோ என்று செயலாளர் கேட்டபோது, நான் கண்ணகியைத்தான் எடுப்பேன் என்று அவர் நினைத்திருக்கலாம். வைகாசி வந்தால் இங்கிருந்தும் சனம் வற்றாப்பளைக்குப் போகும். கடல்நீரில் விளக்கெரியும் அம்மனுக்குப் பொங்கும். முல்லைத்தீவுக் கோவலன் கூத்தும் அவள் கதைதான். அவளைப் பற்றிச் சொல்ல ஆட்கள் நிறைய உண்டு. நான் மாதவியைப் பற்றிப் பேசப்போகிறேன்.

ஏழு வருடம் ஆடல் பயின்று, 12 வயதில் சோழ மன்னன் முன் அரங்கேறியவள் மாதவி. பரிசு 1008 கழஞ்சு பொன். அதே விலைக்கு அவளுடைய மாலையை ஒரு கூனி நகர வீதியில் கொண்டுநின்று விற்றாள். வாங்கியவன் கோவலன். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அதில் என்ன தெரிவு இருந்தது என்று எங்கள் பரீட்சை வினாத்தாள் ஒருநாளும் கேட்டதில்லை!

ஆனால் அவளை முழுக்க விடுவிக்கவும் எனக்கு மனமில்லை. பிறகு அவள் வளர்ந்தாள். புகார் நகரமே அவளைப் பார்த்து வியந்தது. கோவலனுக்கு ஒரு மனைவி இருக்கிறாள், அந்த வீட்டுச் செல்வம் கரைகிறது என்பது அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? தெரிந்தும் அந்த வாழ்வில் இருந்தாள். கானல்வரியில் வேறொருவனை நினைத்தவள்போல் விளையாட்டாகப் பாடினாள். கோவலன் அதை மெய்யென்று நம்பி எழுந்துபோனான். முதலில் அனுப்பிய மடல் கூடவரும்படி அழைக்கிற மடல். அவன் வாங்கவே இல்லை.

இரண்டாவது கடிதம் வேறு. மதுரைக்குப் போகும் வழியில் கௌசிகன் என்ற அந்தணன் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறான். அதில் அழைப்பு இல்லை. பெற்றோருக்குச் சேவை செய்வதையும் விட்டு, உயர்குடியில் பிறந்த மனைவியோடு இரவோடு இரவாகப் போகும்படி நான் என்ன பிழை செய்தேன், பொறுத்தருள வேண்டும் என்று கேட்கிறாள். கண்ணகியை அவள் மரியாதையோடு நினைக்கிற இடம் இது. கோவலன் வாசித்துவிட்டு, பிழை அவளுடையதல்ல, என்னுடையதே என்று உணர்கிறான். அந்த ஓலையையே தன் தாய் தந்தையிடம் கொடுக்கச் சொல்லித் திருப்பி அனுப்புகிறான். தன் மன்னிப்பை எழுத அவனுக்கு வேறு சொல் தேவைப்படவில்லை. மாதவி எழுதியதே இருவருக்கும் போதுமாயிற்று.

கோவலன் கொலையுண்டதைக் கேட்ட மாதவி ஆடலை விட்டாள், அறவண அடிகளிடம் போய்ப் பௌத்த அறத்தை ஏற்றாள். மணிமேகலைக் காப்பியத்தின் இரண்டாவது காதைக்குப் பெயர் ‘ஊரலர் உரைத்த காதை’. ஊர் எதற்குப் பழி சொன்னது தெரியுமா? இந்திரவிழாவில் அவள் ஆட வரவில்லை என்பதற்கு! கணிகையாக இருந்தபோதும் ஏச்சு, விட்டபோதும் ஏச்சு. தாய் சித்திராபதி ஆள்விட்டு அழைக்கிறாள். மாதவி மறுக்கிறாள். மணிமேகலை கண்ணகியின் மகள், இந்தத் தொழிலுக்கு வரமாட்டாள் என்கிறாள்.

தான் பெற்ற பிள்ளையை, தன்னால் துயருற்றவளின் பிள்ளை என்று சபையறியச் சொல்ல எவ்வளவு அன்பு வேண்டும்! கோவலன்மேல் வைத்த காதல் அவளை அழவைத்தது. ஆனால் அவளை மீட்டது, கண்ணகியையும் மகளையும் ஒன்றாக நினைத்த இந்த அன்பு என்றுதான் நான் வாசிக்கிறேன்.

2009க்குப் பிறகு, முகாமிலிருந்து திரும்பிவந்த பெண்கள் பலர் தனியாக அடுப்பு மூட்டினார்கள். பிள்ளைகளின் வயிற்றுக்காக எதற்கெதற்கோ இணங்கவேண்டி வந்தவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள். அதிலிருந்து விலகித் தையல், தோட்டம் என்று நிமிர்ந்த பின்னரும் அவர்களைப் பற்றிப் பழைய கதையையே கிணற்றடியில் பேசுகிறோம். படித்த நாங்களும்தான். சங்கத்தின் உதவிப் பட்டியல் எழுதும்போது, “அவவா?” என்று ஒரு குரல் எழும்பும். அந்தக் கேள்விக்காகவே இன்று மாதவியை எடுத்தேன்.

மணிமேகலைக்கு மணிபல்லவத்தில் அமுதசுரபி கிடைக்கிறது. அந்தத் தீவு எங்கள் நயினாதீவே என்று சொல்வார்கள். முதற் பிச்சை இட்டவள் ஆதிரை. கணிகை வீட்டிலும் சூதிலும் பொருளிழந்து, கடலில் தப்பி, திருந்தி வந்த சாதுவனை மறுபடி வீட்டுக்குள் ஏற்றவள் அவள்தான். பிறகு மணிமேகலை சிறைக்கூடத்தில் பசித்தவர்களுக்குச் சோறிட்டாள், அரசனிடம் கேட்டு அந்தச் சிறையையே அறக்கோட்டம் ஆக்கினாள்.

அதன்பின் வஞ்சி நகருக்குப் போகிறாள். அங்கே கண்ணகி கோயில். தாயே என்று கணிகையின் மகள் படிமத்தின் முன் நிற்கிறாள். கண்ணகி அவளை யாரென்று கேட்கவில்லை. பெற்ற பிள்ளையிடம் பேசுவதுபோல், மதுரையை எரித்த தன் கோபத்தின் கதையைச் சொல்லத் தொடங்குகிறாள்.