மழைக்காலமும் மனைக்காப்பும்

(நம் சங்கத்தின் ஆவணித் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப் பாடஞ் சொல்லும் தொழிலினராகிய எம்மை, இன்ஷூரன்ஸைப் பற்றிப் பேசுமாறு காரியதரிசியவர்கள் பணித்தார்கள். பாலிசியும் ஒருவகை நூலே. அதன்கண் விதியும் உண்டு, விலக்கும் உண்டு. விதியை மட்டும் கேட்டு விலக்கைப் படியாதார் பொருளிழக்கின்றனர். அவ்வளவில் அஃது எம் தொழிலுக்கு அயலன்று எனத் துணிந்து ஈண்டு நிற்கின்றோம். நூலின் முகப்பிற் காப்புச் செய்யுள் வைத்தல் தமிழ் மரபு. நூல் முடிந்தபின் காப்புப் பாடிய புலவரை யாம் கேட்டறியோம். ஆதலின் ஆவணியே இதற்கு ஏற்ற காலம்.

ஐப்பசியும் கார்த்திகையும் மார்கழியும் நம் நாட்டிற்கு நீர் தருவன. அவையே புயலும் தருவன. 2011 டிசம்பரில் தானே புயல் கடலூரைச் சிதைத்தது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டு சென்னை வீடுகளிற் புகுந்தது. மறு ஆண்டே வர்தா, மரங்களை வேரொடு சாய்த்தது. 2018 நவம்பரிற் கஜா, வேதாரணியத்துத் தென்னைகளை வீழ்த்தியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் சென்னையை நீரில் ஆழ்த்திய இரு கிழமைகளில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. 2024-இல் ஃபெஞ்சல் வந்தபோது தென்பெண்ணை விழுப்புரத்து ஊர்களிற் புகுந்தது. இவற்றுள் ஒன்றேனும் தீண்டாத குடும்பம் நம் சங்கத்தில் உளதோ என ஐயுறுகின்றோம்.

முன்னாளிற் கூரை வீடொன்று தீப்பட்டால், ஊரார் மூங்கிலும் ஓலையும் நெல்லும் கொணர்ந்து மறு வாரத்திலேயே வீட்டை நிறுத்தித் தருவர். இன்ஷூரன்ஸின் தத்துவம் முழுதும் அதனுள் அடங்கும். ஆனால், தீ ஒரு வீட்டைச் சுடும். வெள்ளமோ தெருவை முழுவதும் மூடும். மூங்கில் கொணர வேண்டியவர் வீடும் நீரில் நிற்குமாயின் யார் யாருக்கு உதவுவது? நம் சங்கம் வெள்ளக் காலத்தில் அரிசியும் போர்வையும் வழங்கிற்று. இடிந்த சுவரை எழுப்பித் தர அதனால் இயலுமோ? புயல் தொடாத தொலைவூர்களிலுள்ளார் செலுத்திய பணமும் சேர்ந்த பொதுநிதியே அதற்கு வேண்டும்.

இனி மோட்டார் வண்டியைக் கூறுவாம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆவது பிரிவு, இன்ஷூரன்ஸின்றிப் பொதுவழியில் வண்டி செலுத்தலாகாது என்கின்றது. அச்சட்டம் வேண்டுவது மூன்றாம் நபர்க்குரிய காப்பு மட்டுமே. நம் வண்டியால் பிறர் காயமுற்றாலோ, பிறர் உடைமை கெட்டாலோ அது ஈடு செய்யும். நம் வண்டியின்மேல் வேப்பமரம் சாய்ந்தால் அப்பத்திரத்தால் ஒரு காசும் வாராது. சட்டம் கேட்கும் பத்திரம் வேறு. புயல் கேட்கும் பத்திரம் வேறு. இவ்வொன்றை மட்டும் இன்று மனத்திற் பதித்துச் செல்லினும் எமக்கு மகிழ்ச்சியே.

இதனினும் நுட்பமான ஏமாற்றம் ஒன்றுண்டு. 2018 செப்டம்பர் முதற்கொண்டு, புதிய கார் வாங்குவோர் 3 ஆண்டுக்கும், இருசக்கர வண்டி வாங்குவோர் 5 ஆண்டுக்கும் மூன்றாம் நபர் காப்பைச் சேர்த்தே வாங்குகின்றனர். சொந்த வண்டியின் சேதத்திற்குரிய பகுதியோ பெரும்பாலும் முதலாண்டிலேயே முடிந்துவிடுகின்றது. “ஐந்து வருஷத்துக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது ஐயா” என நம் இளைஞர் பலர் சொல்லக் கேட்டோம். பத்திரத்தில் இரு தேதிகள் அச்சிட்டிருக்கும். இரண்டையும் பார்த்தல் வேண்டும். தவறவிட்டுப் புதுப்பிப்போர், கம்பெனியார் வண்டியைப் பார்வையிட்ட பின்னரே அதனைப் பெறுதல் கூடும். 90 நாள் கடந்துவிட்டால், ஈடு கேளாதிருந்தமைக்காகச் சேர்ந்துவந்த தள்ளுபடியும் போய்விடும். அத்தள்ளுபடி முதலாண்டிற் சதவீதம் 20 எனத் தொடங்கி, ஐந்தாண்டில் 50 வரை ஏறுவது. ஆகவே சிறு கீறலுக்கெல்லாம் ஈடு கேட்டு அதனை இழத்தல் கணக்கறியாமையாம்.

பழைய வண்டி வாங்கினோர், பாலிசியையும் 14 நாளுக்குள் தம் பெயர்க்கு மாற்றக் கேட்டல் வேண்டும். தந்தையார் காலமானபின் அவர் பெயரிலேயே வண்டியை ஓட்டிவருவாரும் நம்மிடையே உளர். பாலிசி அவ்வாறு நிற்பது 3 மாதம் அல்லது அதன் தவணை முடியும் நாள், இவற்றுள் எது முந்தியதோ அதுவரையே.

வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு நேரும் பெருங்கேடு நீரால் மட்டும் அன்று. நீர் வடிந்தபின் சாவியைத் திருப்பும் கையாலும் நேர்கின்றது. என்ஜினுள் நீர் புகுந்திருக்கையில் அதனை இயக்கினால், நீர் அமுங்காதாகலின் உள்ளிருக்கும் தண்டுகள் வளைந்து முறியும். வெள்ளச் சேதத்தை ஏற்கும் கம்பெனி, ‘இஃது உம் செயலின் விளைவு’ என்று என்ஜின் செலவை மறுக்கும். அதற்கென என்ஜின் காப்பைத் தனியே சேர்த்திருத்தல் வேண்டும். எதுவாயினும் சாவியைத் தொடாதீர்கள். நீர் நின்ற மட்டம் தெரியப் படமெடுத்து, கம்பெனிக்கு அறிவித்து, வண்டியை இழுத்துச் செல்லச் செய்யுங்கள். இரப்பர், பிளாஸ்டிக் உறுப்புகளுக்குப் பாதி விலையே கிடைக்கும் என்பதையும், தேய்மானம் கழிக்காத காப்பைக் கூடுதற் பணத்திற்குப் பெறலாம் என்பதையும் அறிந்துகொள்க.

வீட்டின் நிலைமை வியப்புக்குரியது. வண்டிக்குப் போலீஸார் அபராதம் விதிப்பர் என்று அஞ்சிப் பத்திரம் வாங்குகின்றோம். வாழ்நாட் சேமிப்பையெல்லாம் கொட்டிக் கட்டிய வீட்டிற்குக் கேட்பார் இன்மையால் ஒன்றும் வாங்குவதில்லை. புதுமனை புகுவிழாவில் மாவிலை கட்டி, பூசணிக்காய் உடைத்து, கண்ணேறு கழிக்கின்றோம். அவை இருக்கட்டும், அவற்றோடு இதனையும் செய்தல் கூடாதோ?

2021 ஏப்ரல் முதல் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்னும் ஒரே அமைப்பிலான பாலிசி நடைமுறைக்கு வந்துளது. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், மண்சரிவு முதலியவை அதனுள் அடங்கும். மனையின் விலை இதிற் சேராது. கட்டடத்தை மீண்டும் எழுப்ப ஆகும் செலவே கணக்கு. 1,000 சதுரஅடி வீட்டைச் சதுரஅடிக்கு 2,000 ரூபாயில் எழுப்பலாம் எனின் 20 இலட்சம். கட்டடத்தைக் காப்புச் செய்தால், அத்தொகையிற் சதவீதம் 20, அஃதாவது இங்கே 4 இலட்சம், வீட்டுச் சாமான்களுக்கும் தானே அமையும். அதற்கு உச்ச எல்லை 10 இலட்சம். ஆண்டுச் செலவு நல்லதொரு பட்டுப்புடவையின் விலைக்குள் அடங்குமென்று தாய்மார்களுக்குச் சொல்லிவைக்கின்றோம். வாடகைக்கு இருப்போர் சாமான்களை மட்டும் காப்புச் செய்யலாம்.

விலக்குகளையும் கேண்மின். ரொக்கப் பணம் இதில் அடங்காது. நகைகளைத் தனியே குறித்துச் சேர்த்தல் வேண்டும். பல்லாண்டாகக் கசிந்து கெட்ட சுவருக்கு ஈடில்லை. புயலோ தீயோ நேர்ந்த 7 நாளுக்குள் நிகழும் களவு அடங்கும். ஏனைக் களவிற்கு வேறு பாலிசி வேண்டும். பாங்கிக் கடனில் வீடு கட்டியோர், கடன் வாங்கியபோது கையெழுத்திட்ட இன்ஷூரன்ஸ் வீட்டுக்கா, தம் உயிருக்கா, எத்தேதி வரை என்பதைப் பார்த்தல் நலம்.

சேதம் நேர்ந்தால் சேற்றை வாருமுன் படமெடுத்துக்கொள்க. சர்வேயர் வந்து பார்க்குமுன் கெட்ட பொருள்களைப் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். இரசீதுகளும் வெள்ளத்தில் நனையுமாகையால், அவற்றின் படங்களை வேற்றூரில் உள்ள மகளுக்கோ சம்பந்திக்கோ இப்போதே அனுப்பிவைக்கலாம். ஓடாத டெலிவிஷனையும் வெள்ளத்தின் கணக்கில் எழுதுவார் சிலர் உளர். அவ்வொரு பொய்யால் உண்மையான ஈடும் மறுக்கப்படக்கூடும். கம்பெனியின் முடிவு நியாயமன்று எனத் தோன்றின், முதலில் அதற்கே எழுத்தில் முறையிடுக. ஒரு மாதத்துள் விடை வாராவிடினும், வந்த விடை ஏற்புடையதன்றாயினும், ஓராண்டிற்குள் சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் அலுவலகத்திற்கு விண்ணப்பிக்கலாம். கட்டணமில்லை, வக்கீலும் வேண்டா.

புரட்டாசித் திங்களின் முதலிரு ஞாயிறுகளிற் காலை 10 மணிக்குச் சங்கக் கட்டடத்தில் இருப்போம். இன்ஷூரன்ஸ் வேலையில் இருந்து ஓய்வுபெற்ற நம் அங்கத்தினர் ஒருவரும் உடனிருக்க இசைந்துள்ளார். பெட்டியடியிற் கிடக்கும் வண்டிப் பத்திரம், வீட்டுக்கடன் தாள்கள் அனைத்தையும் கொணருங்கள். எழுத்து மிகச் சிறிது. முதியோர் மூக்குக்கண்ணாடியையும் மறவாது கொணர்க.