வீடு வரை வரும் நர்ஸ்

அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் செவிலியல் பேராசிரியர் மேரி நெய்லர். முதியவர்கள் ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்குப் போகிற அந்தச் சில வாரங்களைத்தான் அவர் தன் ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார்.

இதயச் செயலிழப்போடு வீடு திரும்பும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இதயம் பலவீனமானால் உடம்பில் உப்பும் நீரும் தங்கிவிடும். கால் வீங்கும், மூச்சு வாங்கும். அதற்கு முன்பே எடை கூடிவிடுவது உண்டு. அதனால் தினமும் காலையில் எடை பார்க்கச் சொல்வார்கள். ஆனால் புது மாத்திரையோடு பழையதையும் சேர்த்து விழுங்குகிறாரா என்று வீட்டில் யார் பார்ப்பது?

நெய்லரின் திட்டத்தில், உயர்பயிற்சி பெற்ற ஒரே நர்ஸ் ஆஸ்பத்திரியிலும் பார்ப்பார், பிறகு வீட்டுக்கும் வருவார், டாக்டரிடமும் கூடவே போவார். மூன்று மாதம் இப்படி.

பிலடெல்பியா ஆஸ்பத்திரிகளில் இதயச் செயலிழப்பு உள்ள 239 முதியவர்களிடம் சோதித்து, 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். ஓராண்டில், வழக்கமான கவனிப்பு பெற்றவர்கள் மொத்தம் 162 முறை மீண்டும் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தார்கள். நர்ஸ் துணையிருந்தவர்கள் 104 முறை. இரண்டு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவு ஆட்கள்தான். புது மருந்து எதுவுமில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. நர்ஸ் சம்பளத்தைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தும் செலவு குறைவாகவே வந்தது.