ஓலையும் சான்றிதழும்

(அண்ணல் அம்பேத்கர் நினைவுநாளான டிசம்பர் 6 அன்று ஆற்றிய நினைவுரையின் எழுத்து வடிவம்)



அண்ணலின் நினைவுநாளில் திருமணத்தைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் அமைப்பாளர்கள் கொஞ்சம் தயங்கினார்கள். ஆனால் சாதி குறித்த அவருடைய ஆய்வே திருமணத்தில்தான் தொடங்கியது. 1916இல், இருபத்தைந்து வயது மாணவராக, கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் அவர் படித்த கட்டுரை, சாதியின் உயிர் அகமணமுறையில் இருக்கிறது என்று காட்டியது. இருபது ஆண்டுகள் கழித்து 'சாதி ஒழிப்பு' எழுதியபோதும் அதே இடத்துக்குத்தான் வந்தார். யார் யாரை மணக்கலாம் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்று கேட்டால் ஒரு சமூகத்தின் அரசியல் முழுதும் வெளியே வந்துவிடும்.

அந்தக் கேள்வியை இப்போது எங்கள் வீட்டிலிருந்தே கேட்க முடிகிறது. நாங்கள் இருவரும் நாற்பதைத் தாண்டியவர்கள். இந்த ஆண்டுதான் மணம் முடித்தோம். எங்களில் ஒருவர் கத்தோலிக்கக் கிறித்தவர். இன்னொருவரின் சான்றிதழில் 'இந்து ஆதிதிராவிடர்' என்று இருக்கிறது. இரண்டு குடும்பங்களும் சேரிக் குடும்பங்கள்தான். தேடினால் மூன்று தலைமுறைக்கு முன்னால் உறவுமுறையே கிடைக்கும். ஊர்க்காரர்களைக் கேட்டால் ஒரே சாதிக்குள் நடந்த கல்யாணம் என்பார்கள். அரசாங்கத்தைக் கேட்டால் எங்களில் ஒருவர் பட்டியல் சாதி, மற்றவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ள மதம் மாறிய கிறித்தவர். ஊர் ஒரே கண்ணால் பார்க்கும் இருவரை அரசு இரண்டு ஏட்டில் எழுதி வைத்திருக்கிறது.

எங்கள் திருமணத்துக்கு இரண்டு இடங்களில் அறிவிப்பு நடந்தது. சிறப்புத் திருமணச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகப் பலகையில் முப்பது நாள் எங்கள் பெயர் தொங்கியது. கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள். ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கள் என்று இரண்டு இடத்திலும் கேட்டார்கள். யாரும் வரவில்லை. ஆனால் கோயிலில் திருமணம் மந்திரிப்பதற்கு முன் கத்தோலிக்கர் ஒரு வாக்குறுதி கொடுக்க வேண்டும். ஞானஸ்நானம் பெறாதவரை மணப்பதற்கு ஆயரின் அனுமதி தேவை. பிறக்கும் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து திருச்சபையில் வளர்க்கத் தம்மால் இயன்றதையெல்லாம் செய்வதாகச் சொன்னால்தான் அந்த அனுமதி கிடைக்கும். திருச்சபைச் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

எங்கள் வயதில் பிள்ளைப் பேச்சு பெரிதாக எழவில்லை. ஆனால் திருமணத்துக்கு வந்திருந்த இளையவர்கள், எங்களைப் போலவே சான்றிதழ் மாறி மணக்கப்போகிறவர்கள், பந்தியிலேயே கேட்டார்கள்: "அக்கா, அண்ணே, பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா? கொடுத்தா கம்யூனிட்டி சர்டிபிகேட் போயிடுமே?" இன்றைய உரை அந்தக் கேள்விக்கான பதில்தான்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தைப் பின்பற்றும் எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவர்களும் இசுலாமியர்களும் வெளியே நிறுத்தப்பட்டார்கள். எழுபத்தைந்து ஆண்டு கடந்தும் அந்தப் பத்தி அப்படியே இருக்கிறது.

அந்தப் பத்தியை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனவர் சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை. செருப்புத் தைக்கும் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. பக்கத்தில் அதே வேலை செய்த இந்துக்களுக்குக் கிடைத்தது, கிறித்தவர் என்பதால் இவருக்குக் கிடைக்கவில்லை. ஒரே சாலை, ஒரே தோல், ஒரே ஊசி. 1985இல் நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளியது. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, அதன் கொடுமை புதிய மதத்துக்குள்ளும் அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குச் சான்று வேண்டும் என்றது. இந்த வரியை மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத் திரும்பி வருவோம்.

2015இல் இன்னொரு தீர்ப்பு. கேரளத்தைச் சேர்ந்த ஒருவரின் முன்னோர் கிறித்தவர்களானவர்கள். அவர் இந்து மதத்துக்குத் திரும்பினார், அவருடைய சமூகமும் ஏற்றுக்கொண்டது. அவருக்குப் பட்டியல் சாதித் தகுதி உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படியானால் இரண்டு தலைமுறைக் காலம் அந்தச் சாதி எங்கே போயிருந்தது? போகும்போது அழிந்துபோன சாதி, திரும்பும்போது எப்படி உயிரோடு காத்திருந்தது?

2024 நவம்பர் 26, அரசமைப்புச் சட்ட நாள். அன்று வந்த புதுச்சேரிப் பெண்ணின் வழக்கில், எழுத்தர் வேலைக்காகக் கேட்ட பட்டியல் சாதிச் சான்றிதழை உச்ச நீதிமன்றம் மறுத்தது. கைக்குழந்தையாக அவர் பெற்ற ஞானஸ்நானமும், அவருடைய பெற்றோரின் திருமணம் 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டப்படி பதிவானதும் அதில் கணக்கில் எடுக்கப்பட்டன. நம்பிக்கையில்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதத்தைச் சொல்வது அரசமைப்பின் மீதான மோசடி என்றது தீர்ப்பு. புதிதாக மணமுடித்தவர்கள் இதைக் கூர்ந்து படிக்க வேண்டும். இன்று நீங்கள் எந்தச் சட்டத்தில் கையெழுத்திடுகிறீர்கள் என்பது, முப்பது ஆண்டு கழித்து உங்கள் மகளின் வேலைக்கு எதிரான சாட்சியமாக நீதிமன்றத்தில் வந்து நிற்கலாம்.

இழப்பது இடஒதுக்கீடு மட்டுமில்லை. தமிழ்நாட்டில் பட்டியல் சாதிக்கான 18 விழுக்காட்டிலிருந்து பிற்படுத்தப்பட்டோருக்கான 26.5 விழுக்காட்டுக்கு மாறுகிறோம். எண் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் அங்கே நம்மோடு போட்டியிடுகிறவர்களில் நிலமும் கல்லூரியும் வைத்திருக்கும் சாதிகள் உண்டு. தனித்தொகுதியில் நிற்க முடியாது. சாதி சொல்லித் திட்டினாலும் அடித்தாலும் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பாதிக்கப்பட்ட பட்டியல் சாதியினராகப் புகார் கொடுக்க முடியாது. அடிக்கிறவன் ஞானஸ்நானச் சான்றிதழைப் பார்த்துவிட்டா அடிக்கிறான்?

அரசைக் கேட்பது போலவே திருச்சபையையும் கேட்க வேண்டியிருக்கிறது. 1938 தொடக்கத்தில் சோலாப்பூரில் கிறித்தவர்களிடையே பேசிய அண்ணல், சமூக அநீதிகளை நீக்க இந்தியக் கிறித்தவர்கள் போராடவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். அந்தக் குற்றச்சாட்டு இன்னும் முடிந்துபோகவில்லை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் இறந்தவர்களைப் பிரித்து ஒரு சுவர் எழுப்பினார்கள். உயிர்த்தெழும் நாளில் யார் எந்தப் பக்கம் எழுவது என்றுகூட முடிவு செய்து வைத்த சுவர் அது. அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கிறித்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று கலவரமாகி, காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். இருவரும் வன்னியக் கிறித்தவர்கள். சாதியைக் காப்பாற்றக் கிளம்பிய கூட்டம் தன் பிள்ளைகளையே பலி கொடுத்தது.

இந்திய ஆயர் பேரவை 2016இல் தலித் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணம் வெளியிட்டது, சாதியப் பாகுபாடு பாவம் என்றது. 2022இல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினாலானார். மகிழ்ச்சிதான். ஆனால் பங்கு அளவில் நாம் கேட்பது எளிமையானது. சப்பரம் எங்கள் தெருவுக்கு வருகிறதா? பங்குப் பேரவையில் எங்கள் ஆட்கள் எத்தனை பேர்? பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வாக்குறுதி வாங்கும் திருச்சபை, அதனால் அந்தப் பிள்ளை இழப்பதை ஈடுகட்டத் தன் பள்ளியிலும் கல்லூரியிலும் எத்தனை இடம் ஒதுக்கியிருக்கிறது? வாக்குறுதி ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் அதற்குப் பெயர் உடன்படிக்கை ஆகாது.

அப்படியென்றால் ஏன் இன்னும் கோயிலுக்குப் போகிறீர்கள் என்று தோழர்கள் கேட்கிறார்கள். நாக்பூரில் 1956இல் அண்ணல் காட்டிய வழியை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் எங்கள் பாட்டிமார் இந்த மதத்துக்குள் வந்தது ஒரு கணக்கோடு. எழுத்துக் கற்றார்கள், பேர் சொல்லிக் கூப்பிடப்பட்டார்கள். ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொல்லப்பட்ட ஒருவரைக் கடவுள் என்று கும்பிடுவது, ஊருக்கு வெளியே வைக்கப்பட்ட மக்களுக்கு அர்த்தமுள்ளதாக இருந்தது, இருக்கிறது. அந்த நம்பிக்கை அவர்கள் சம்பாதித்த சொத்து. அதைச் சாதி வெறியர்களிடம் விட்டுவிட்டு வர எங்களுக்கு மனமில்லை.

இன்னொரு கேள்வி நம் அரங்குக்குள்ளேயே இருக்கிறது. தலித் கிறித்தவர்களைச் சேர்த்தால் இருக்கிற 18 விழுக்காட்டையும் பங்கு போட வேண்டுமே என்று இந்து தலித் தோழர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. எனவே சேரும் மக்கள்தொகைக்கு ஏற்ப ஒதுக்கீட்டின் அளவையும் உயர்த்த வேண்டும் என்பதையும் சேர்த்தே நாம் கோருகிறோம். ஒரு கோரிக்கையை மட்டும் எழுப்பி மற்றதை விட்டால் சேரி இரண்டாகும். அதற்காகக் காத்திருப்பவர்கள் பலர்.

ஆணையங்களின் கதை உங்களுக்குத் தெரியும். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் மூன்றாம் பத்தியை நீக்கச் சொன்னது. அதன் உறுப்பினர் செயலர் ஆஷா தாஸ் மாறுபட்ட குறிப்பு எழுதினார். 2009 இறுதியில் அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்து அப்படியே நின்றது. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மீண்டும் ஓர் ஆணையம், இரண்டாண்டுக் கெடு, அதன்மேல் கால நீட்டிப்பு. 2023 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறித்தவர்களுக்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானத்தை டில்லிக்கு அனுப்பிவிட்டு நாம் சும்மா இருக்க முடியாது.

சூசை வழக்கில் நீதிமன்றம் சான்று கேட்டது. சான்று நம் பங்குகளில் இருக்கிறது. ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு தலைமுறைகளாக இருக்கின்றன. சமூகவியல் படிக்கும் மாணவர்களே, உங்கள் ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடி அலைய வேண்டாம். அனுமதி பெற்று, பெயர்களை விட்டுவிட்டு, கடந்த இருபது ஆண்டுத் திருமணங்களை எண்ணுங்கள். ஊர்த் தெருவுக்கும் சேரித் தெருவுக்கும் இடையே எத்தனை ஓலை வாசிக்கப்பட்டது? பதிவேட்டைத் தர மறுத்தால் குடும்பங்களிடம் போய்க் கேளுங்கள். கல்லறைத் தோட்டத்தை அளந்து வரைபடம் போடுங்கள். சப்பரம் போகும் பாதையைக் குறியுங்கள். ஒரே நற்கருணை வாங்குகிறவர்கள் ஒருவருக்கொருவர் பெண் கொடுக்கவில்லை என்பதை எண்ணிக்கையோடு காட்டுங்கள். அது ஆணையத்துக்கும் சாட்சியம், ஆயருக்கும் சாட்சியம்.

பந்தியில் கேட்ட இளையவர்களுக்கு எங்கள் பதில் இது. கையெழுத்திடும் முன் சட்டத்தைப் படியுங்கள், நம் வழக்கறிஞர் தோழர்களைக் கேளுங்கள். ஞானஸ்நானம் கொடுப்பதும் தள்ளிவைப்பதும் உங்கள் முடிவு. எதைச் செய்தாலும் அதற்காக யாரும் உங்களைக் கோழை என்றோ, மோசடிக்காரர் என்றோ சொல்ல விடமாட்டோம். ஒரு குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றுவதற்கும் அதன் வேலைவாய்ப்புக்கும் முடிச்சுப் போட்டவர்கள் நீங்கள் இல்லை. அந்த முடிச்சை அவிழ்க்கும் வேலை நம் எல்லோருடையது. மூன்றாம் பத்தி நீங்கும்வரை ஒவ்வோர் ஆகஸ்ட் 10 அன்றும் தெருவில் நிற்போம். இந்து தலித், கிறித்தவ தலித், பௌத்த தலித் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்க வாருங்கள்.